ஓட்டவும் ஒட்டவும்

புதுக்கோட்டைக்குப் போகிறவர்கள் எதை எதைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்பதற்கு ஒரு ஜாபிதா உண்டு. சித்தன்னவாசல் குகையின் தாமரைத் தடாகச் சித்திரம், குடுமியான்மலையில் ஸ்வரங்களைக் கல்லில் பொறித்திருக்கும் சங்கீதச் சாசனம், திருமயத்துக் கோட்டை, நார்த்தாமலைக் கோயில் - இவ்வளவையும் இரண்டே நாளில் பார்த்து முடிப்பவர்கள் சாமர்த்தியசாலிகள். நமக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது. நண்பர் ஒருவரின் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு குடுமியான்மலைப் பக்கம் புறப்பட்ட நாம், சங்கீதச் சாசனத்துக்குப் பல மைல் முன்னாலேயே 'உஸ்' என்ற ஒரே ஒரு ஸ்வரத்தைக் கேட்டு நின்றுவிட்டோம். சக்கரத்தில் முள் ஏறிவிட்டது.

முள் என்றால் சாதாரண முள் அல்ல. சீமைக் கருவேல முள். அந்த வறண்ட பூமியில் மழையையும் மாட்டையும் மனிதனையும் பொருட்படுத்தாமல் வளர்வது அது ஒன்றுதான். செருப்பைத் துளைக்கும் அந்த முள்ளுக்கு டயர் எம்மாத்திரம்? ஒரு மைலுக்கு மேல் வண்டியைத் தள்ளினோம். அது நம்மைச் சுமந்தபோது அதன் கனம் நமக்குத் தெரியவில்லை. நாம் அதைத் தள்ளியபோதுதான் நன்றாகத் தெரிந்தது.

கடைசியில் ஒரு புளியமரம் தென்பட்டது. அதன் கிளையில் ஒரு பழைய டயர் கட்டித் தொங்கிற்று. எழுத்தறியாதவனும் வாசிக்கக்கூடிய விளம்பரப் பலகை நம் நாட்டில் இது ஒன்றுதான். மரத்தடியில் நாலு கல் தூண், அதன் மேல் தகரக் கூரை. உள்ளே ஓர் இரும்புச் சட்டியில் தண்ணீர், காற்றடிக்கும் பம்பு, மரப்பெட்டி நிறைய ஸ்பானர்கள், பாதியாக வெட்டிய தகர டப்பாவில் மண்ணெண்ணெய், அதன் அடியில் கழுவப் போட்ட பால்ரஸ் மணிகள். கூரையிலிருந்து சக்கரங்களும் செயின்களும் தொங்கின. ஆணி அடித்த கட்டையில், செத்துப்போன டியூப்களிலிருந்து வெட்டிய ஒட்டுத் துண்டுகள் கோத்து வைக்கப்பட்டிருந்தன.

ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மாள் மாத்திரம் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"கடைக்காரர் இல்லையா?" என்று கேட்டோம்.

"அவுக டீக்கடை வரைக்கும் போயிருக்காக. உக்காருங்கய்யா. முள்ளுத்தானே? அவுக வர்றதுக்குள்ள ஒட்டிப்புடலாம்."

"யார் ஒட்டுவது?" என்று கேட்டுவிட்டோம். கேட்டிருக்கக் கூடாது. அந்த அம்மாள் பதில் சொல்லவில்லை. நம் வண்டியை வாங்கி, ஹாண்டில் பாரும் ஸீட்டும் தரையில் பதியும்படி ஒரே புரட்டாகப் புரட்டி நிறுத்தினார். அதுதான் பதில்.

நேயர்கள் பஞ்சர் ஒட்டுவதை எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள். நாமும் பார்த்திருக்கிறோம். ஆனால் கவனித்தது அன்றுதான். வால்வைக் கழற்றி, இரண்டு நெம்பிகளால் டயரின் ஒரு பக்கத்தை வெளியே எடுத்து, டியூபை உருவி, அதில் கொஞ்சம் காற்றடித்துச் சட்டித் தண்ணீரில் முழம் முழமாக அமுக்கிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் முத்து முத்தாகக் குமிழி கிளம்பிற்று. அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு நிறுத்திவிடவில்லை. மீதியையும் அமுக்கிப் பார்த்தார். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு குமிழி! முள் ஒரு சுவரில் நுழைந்து மறு சுவரையும் தொட்டிருக்கிறது. பிறகு டயரின் உட்புறம் முழுவதும் விரலால் தடவிக்கொண்டே வந்து, ஒடிந்து தங்கியிருந்த முள் நுனியைக் கண்டுபிடித்துக் குறட்டால் பிடுங்கி நம் உள்ளங்கையில் வைத்தார். அவசரக்காரர்கள் விட்டுவிடுகிற வேலை இதுதான். விட்டால் அடுத்த மைலில் அதே முள் அதே காரியத்தை மறுபடியும் செய்யும். டியூபை உப்புத்தாளால் சுரண்டி, சொல்யூஷன் தடவி, அது பாதி காயும் வரையில் பொறுத்திருந்து ஒட்டுப் போட்டு, கட்டையில் வைத்துச் சுத்தியலால் தட்டினார்.

காய்கிற இடைவேளையில்தான் பேச்சு வந்தது. "இதெல்லாம் எப்போது கற்றுக்கொண்டீர்கள்?" என்றோம்.

"ஓட்டப் பழகுனது அறிவொளி வந்த வருசம். ஒட்டப் பழகுனது அதுக்கு ரொம்பப் பின்னாடி" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ஓட்டக் கத்துக்குடுத்தாகய்யா. ஒட்டக் கத்துக்குடுக்க எங்க ஊருக்கு யாரும் வரலை" என்று சொல்லிச் சிரித்தார்.

ஓர் எழுத்தின் நெடிலுக்கும் குறிலுக்கும் உள்ள வித்தியாசத்தில் இவ்வளவு பெரிய சரித்திரம் அடங்கியிருக்கும் என்று நாம் நினைத்ததில்லை. அந்த நெடிலையும் குறிலையும் அந்த அம்மாள் அறிந்ததும் அதே வருஷத்தில்தான்.

அறிவொளி என்றால் என்னவென்று இளைஞர்களுக்குத் தெரியாமலிருக்கலாம். கேரளத்தின் எர்ணாகுளம் ஜில்லா 1990-ஆம் வருஷத்தில் முழு எழுத்தறிவு பெற்ற ஜில்லா என்று பிரகடனம் செய்யப்பட்டது. மறு வருஷமே புதுக்கோட்டையிலும் அறிவொளி இயக்கம் ஆரம்பமாயிற்று. 1948-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் வரையில் தனிச் சமஸ்தானமாயிருந்து, பிறகு திருச்சி ஜில்லாவில் சேர்ந்து, 1974-இல் மறுபடியும் தனி ஜில்லாவான பிரதேசம் அது. பெண் கல்வியில் அதற்கு ஒரு பழைய பெருமையும் உண்டு. ஆண்கள் படிக்கும் காலேஜில் ஒரு பெண் சேருவதா என்று எதிர்ப்பு எழுந்தபோது, மகாராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்ததனால் அல்லவா டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி படிக்க முடிந்தது? ஆனால் அது ஒரு பெண். கிராமங்களில் இருந்த மற்றவர்களுக்கு அரிச்சுவடி வந்து சேர மேலும் எண்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அறிவொளியில் கற்பித்தவர்களிலும் கற்றவர்களிலும் பெண்களே மிகுதி. கற்பிக்கிறவள் ஒரு கிராமத்திலிருந்து இன்னொரு கிராமத்துக்குப் போயாக வேண்டும். பஸ் வருகிற நேரத்தில் பாடம் கிடையாது. பாடம் நடக்கும் இரவு வேளையில் பஸ் கிடையாது. அண்ணனோ கணவனோ கொண்டுபோய் விட்டால் உண்டு. அப்போது கலெக்டராயிருந்த ஸ்ரீமதி ஷீலா ராணி சுங்கத் இந்தச் சங்கடத்தைப் பார்த்துத்தான், பெண்களுக்குச் சைக்கிள் பழக்குவதையே எழுத்தறிவு இயக்கத்தின் ஓர் அங்கமாக்கினார். சைக்கிள் வாங்கப் பெண்களுக்கு பாங்குக் கடன் கிடைக்கவும் ஏற்பாடு நடந்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் ஜில்லாவைச் சுற்றிப் பார்த்து 1996-இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கும் கணக்கின்படி, ஒரு லக்ஷத்துக்கு மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். அவர்களில் 70,000 பேருக்கு மேல் பொதுவில் ஓட்டியும் காட்டினார்கள். பத்து வயதுக்கு உட்பட்ட சிறுமிகளைத் தள்ளிவிட்டால், கிராமத்துப் பெண்களில் நாலில் ஒருத்தி! கல் உடைக்கும் தொழிலாளியும், அங்கன்வாடி ஊழியரும், வயல் வேலைக்காரியும், பூக் கட்டி விற்பவளும் அதில் இருந்தார்கள். ஊரார் கேலி செய்யாமலா இருந்தார்கள்? செய்தார்கள். ஆனால் கேலி செய்கிறவன் ஓர் இடத்தில் நின்றுகொண்டிருக்கிறான். சைக்கிளில் போகிறவள் அவனைத் தாண்டிப் போய்விடுகிறாள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெண்கள் சைக்கிள் போதிய அளவு கடைகளில் கிடைக்கவில்லை. ஒரு வியாபாரியிடம் அதன் விற்பனை ஒரே வருஷத்தில் 350 சதவிகிதத்துக்கு மேல் உயர்ந்ததாம். கிடைக்காதவர்கள் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். வாங்கிய பிறகு அதுவே தேவலை என்றார்கள். ஏனென்றால் அதில் குறுக்கே ஒரு பார் இருக்கிறது. அதில் குழந்தையை உட்கார்த்தி வைக்கலாம். பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம் அல்லது சந்தைக் கூடை, முன்னால் குழந்தை, நடுவில் தாய். சீமையில் அந்தச் சைக்கிளைச் செய்தவர்களின் கற்பனைக்கு இந்தக் குடும்பச் சித்திரம் எட்டியிருக்காது.

அக்காலத்துப் போட்டோப் படங்களை நேயர்கள் பார்த்திருக்கலாம். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வரிசை வரிசையாகச் சைக்கிளில் வரும் பெண்கள். கண்ணுக்கு நிறைவான காட்சிதான். ஆனால் அந்தப் படங்களில் விழாத ஒன்று, அன்று சாயங்காலம் அந்தச் சைக்கிள்கள் எங்கே போய் நின்றன என்பது. அவையெல்லாம் இம்மாதிரி ஒரு மரத்தடிக்குத்தான் வந்தன.

இதற்குள் கடைக்காரர் டீ குடித்துவிட்டு வந்து சேர்ந்தார். மெலிந்த மனிதர், தடித்த கண்ணாடி. மனைவி செய்த ஒட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தார். குறை சொல்லவில்லை என்றால் நன்றாயிருக்கிறது என்று அர்த்தம் போலும்.

அந்த வருஷத்தைப் பற்றிக் கேட்டதும் மனிதர் உற்சாகமடைந்துவிட்டார். "வாடகைக்கு நாலஞ்சு வண்டி வெச்சிருந்தேன். விடியுமுன்னே பொம்பளைக வந்து நிப்பாக. நோட்டுல பேர் எழுதச் சொன்னா, முன்னெல்லாம் கைநாட்டு. அப்பறம் அவுகளே எழுதுனாக. எழுதுறதுக்கே ஒரு நாழி ஆகும். வண்டி வாடகையில அந்த நேரத்தைக் கழிச்சுத்தான் வாங்குவேன்" என்றார்.

மணிக்கு இவ்வளவு என்று வாடகைச் சைக்கிள் எடுத்த காலம் நம்மில் பலருக்கும் நினைவிருக்கும். பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டதும், விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு மட்கார்டு வளைந்ததற்காகக் கடைக்காரரிடம் வசவு வாங்கியதும், இருட்டில் விளக்கில்லாமல் 'டபிள்ஸ்' போய்ப் போலீஸ்காரரைக் கண்டு இறங்கி நடந்ததும், முனிசிபாலிடி கொடுத்த வரி வில்லையை ஹாண்டிலில் மாட்டிக்கொண்டு திரிந்ததும் மறக்கக்கூடியவையா? அந்தச் சுகங்களையெல்லாம் ஆண்பிள்ளைகள் பத்து வயதில் அனுபவித்துவிட்டார்கள். புதுக்கோட்டைப் பெண்கள் இருபதிலும் முப்பதிலும், சிலர் பேரப்பிள்ளை எடுத்த பிறகும் அனுபவித்தார்கள். விழுந்தவர்கள் அவர்களிலும் உண்டு.

பெண்கள் வந்ததனால் தொழிலே கொஞ்சம் மாறிப்போயிற்று என்றார் கடைக்காரர். ஸீட்டை இறக்க வேண்டும். செயினில் சேலை மாட்டாமல் இருக்க முழுக் கவர் போட வேண்டும். பின் சக்கரத்துக்கு வலை கட்ட வேண்டும். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் ஆண்கள் காலைத் தரையில் உராய்ந்து நிறுத்திக்கொள்வார்கள். பெண்கள் அப்படி விடமாட்டார்கள், மாற்றச் சொல்வார்கள். "அவுகளாலதான் நானும் வேலையை ஒழுங்காப் படிச்சேன்" என்று அவர் ஒப்புக்கொண்டார்.

ஆனால் ஒழுங்காகப் படித்தது அவர்தான். ஸ்பானர் அவர் கையிலேயே இருந்துவிட்டது. பத்து மைல் தனியே போய்வரத் துணிந்த பெண்ணும், நடுவழியில் செயின் கழன்றால் ஓர் ஆண்பிள்ளை வரும் வரையில் ஓரமாக நின்றாள். அப்பனையும் அண்ணனையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று சைக்கிள் கொடுத்த சுதந்திரம், ஒரு முள் குத்தியவுடன் கடைக்காரனை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. இதை நாம் யாரையும் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. ஒரு லக்ஷம் பேரைச் சைக்கிளில் ஏற்றியவர்களிடம் போய், ஏன் ஸ்பானரும் கொடுக்கவில்லை என்று கேட்பது, விருந்து போட்டவரிடம் தாம்பூலத்தில் பாக்கு குறைந்தது என்பது போலத்தான். ஆனாலும் பாக்கு குறைந்தது குறைந்ததுதானே?

பழுது பார்க்கிற கடை என்றால் நம் ஜனங்களுக்கு ஓர் இளக்காரம். அமெரிக்காவில் டேடன் என்ற ஊரில் சகோதரர் இருவர் 1892-இல் ஒரு சைக்கிள் கடை வைத்து, பழுது பார்த்து, வாடகைக்கு விட்டு, பின்னால் தாமே சைக்கிள் செய்து விற்றுக் காலக்ஷேபம் செய்தார்கள். 1903-இல் அந்த ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட ஆகாய விமானத்தில், யந்திரத்தின் விசையைச் சுழலிகளுக்குக் கொண்டுபோனவை செயினும் பற்சக்கரமுமே. நமது புளியமரத்தடியில் ஆகாய விமானம் உற்பத்தியாகும் என்று சொல்லவில்லை. அங்கே 'ஓவராயில்' நடப்பதை ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தால் இளக்காரம் போய்விடும் என்றுதான் சொல்கிறோம். வண்டி முழுவதையும் அக்கு அக்காகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, கப்பையும் கோனையும் துடைத்து, கிரீஸ் தடவி, பால்ரஸ் மணிகளை ஒவ்வொன்றாக அதில் பதித்து, கோனை இறுக்கும்போது ஆட்டமும் இருக்கக் கூடாது, பிடிப்பும் இருக்கக் கூடாது. அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள மயிரிழையை அந்த அம்மாளின் விரல் அறிந்திருந்தது.

எப்படி அறிந்தது? இரண்டு பிள்ளைகளும் வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். கடையில் எடுபிடிக்கு இருந்த பையன்கள் மோட்டார் சைக்கிள் பட்டறைக்குப் போய்விட்டார்கள். கடைக்காரருக்குக் கண் மங்க ஆரம்பித்தது. முதலில் நெம்பியை எடுத்துக் கொடுத்தார், பிறகு பிடித்துக்கொண்டார், பிறகு, அவர் டீ குடிக்கப் போன நேரங்களில், தாமே ஒட்டினார். டீ குடிக்கப் போவது வரவர அதிகமாயிற்று என்று அந்த அம்மாள் சொன்னபோது, கடைக்காரர் மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

வியாபாரம் முன்போல் இல்லை. வேலைக்குப் போகும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்க 2018-இல் சர்க்கார் பாதி விலை வரை மானியம் கொடுத்தது; 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றாயிற்று. இரண்டும் நல்ல காரியங்களே. நல்ல காரியம் ஒன்று வரும்போது இன்னொரு நல்ல காரியத்தின் பிழைப்பில் மண் விழுவதும் உலக வழக்கந்தான். 1949-இல் ஸ்தாபனமாகி அம்பத்தூரில் ஹெர்குலிஸ் செய்யத் தொடங்கிய கம்பெனி இன்றும் இருக்கிறது. ஆனால் வடக்கே பேர்போன அட்லஸ் கம்பெனி, தன் பெரிய தொழிற்சாலையை 2020 ஜூன் 3-ந் தேதி நிறுத்திவிட்டது. அன்று உலக சைக்கிள் தினம்!

மரத்தடிக் கடைக்கு இப்போது கஞ்சி வார்ப்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். சர்க்காரின் இலவச சைக்கிள் முதலில் ஆதி திராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று ஏற்பட்டு, 2005-06 முதல் அரசாங்க, உதவி பெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் என்று விரிந்தது. எந்தப் புதுச் சைக்கிளுக்கும் முதல் மாதத்தில் திருகு தளரும். முதல் மழையில் செயின் கத்தும். அப்போது பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே உத்தியோகஸ்தர் புளியமரத்தடியில்தான் இருக்கிறார்.

நாம் புறப்பட எழுந்த சமயத்தில் அப்படி ஒரு மாணவி வந்து சேர்ந்தாள். முன் சக்கரம் பள்ளத்தில் விழுந்து கோணிவிட்டது. சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் பிரேக்கில் இடித்தது.

கோட்டம் எடுப்பது இந்தத் தொழிலில் கடைசிப் பாடம். பழைய ரகச் சைக்கிளில் முன் சக்கரத்துக்கு 32 கம்பிகள், பாரம் தாங்கும் பின் சக்கரத்துக்கு 40. சக்கரம் இடப்பக்கம் சாய்ந்தால் அந்த இடத்தில் வலப்பக்கத்துக் கம்பியை இறுக்க வேண்டும், இடப்பக்கத்தைத் தளர்த்த வேண்டும். அதுவும் கால் திருகு, அரைத் திருகு. அதிகம் போனால் வேறோர் இடத்தில் சக்கரம் மேடு தட்டும். இந்த ஒரு வேலையை மாத்திரம் அவர் மனைவிக்குக் கற்றுக் கொடுத்ததே இல்லையாம். "இது வராது, விடு" என்று ஒதுக்கிவிடுவாராம்.

அன்று அவரே சாவியை எடுத்தார். சக்கரத்தைச் சுழற்றி, ஒரு சாக்பீஸை விளிம்பருகே பிடித்தார். மேடான இடத்தில் அது உரசிக் கோடு விழும். விழுந்த கோட்டை அவர் குனிந்து தேடினார்; கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி தேடினார். மாணவி நாசூக்காக வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துச் சாவியை மனைவி பக்கம் நீட்டினார்.

"கோடு தெரியுதா?"

"தெரியுது."

"அதுக்கு நேர் கம்பி. வலப்பக்கம். கால் திருகு. அதுக்கு மேல போகாத."

அந்த அம்மாள் திருகினார். அவர் கண்ணை மூடிக்கொண்டு, காதைச் சக்கரத்தின் பக்கம் சாய்த்துச் சுழற்றினார். உரசுகிற சத்தத்தைக் கேட்டு, "இன்னும் ஒரு கம்பி தள்ளி" என்றார். இவர் பார்க்க, அவர் கேட்க, இப்படியே சக்கரம் பலமுறை சுழன்றது. கடைசியில் சாக்பீஸ் சுற்று முழுவதும் ஒரே சீராக உரசிற்று.

"இன்னும் லேசா ஒரு எடத்துல இடிக்குது" என்றார் கடைக்காரர்.

"அது உங்க காதுல இடிக்குது" என்றார் அந்த அம்மாள்.

மாணவி வண்டியைத் திருப்பி நிறுத்தி ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்தாள். பிறகு பாவாடைப் பையிலிருந்து காசை எடுத்துக்கொண்டு வந்து, "எவ்வளவு தாத்தா?" என்று கேட்டாள்.

"ஆத்தாகிட்டக் குடு" என்றார் அவர்.